வாசகர் கேள்வி: பழைய புத்தகத்து அட்டவணைகளைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

சென்ற இதழில் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்வது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அட்டவணையைப் பற்றித்தான் கேட்கின்றன. பந்தியாக அச்சான பக்கத்தை, படத்திலிருந்து எழுத்தை வாசித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் ஓரளவு ஒழுங்காக வாசித்துத் தந்துவிடுகிறது. கட்டம் போட்ட பக்கம் வந்தால் எல்லாம் கலைந்து போகிறது. ஆகவே இம்முறை அட்டவணைக் கேள்விகள் மட்டும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்துத் தோட்ட மக்களைப் பற்றி அந்தக் காலத்தில் எழுதியவர்கள் குறைவு, எண்ணியவர்கள்தான் அதிகம். குடிசன மதிப்பீடு, தோட்ட டைரக்டரி, செக்ரோல் (தொழிலாளர் வரவுப் பதிவேடு), சம்பளக் கணக்கு என்று நம் பாட்டன் பூட்டன் இருப்பதெல்லாம் நிரல்களுக்குள்ளேதான். பல இடங்களில் பெயர்கூட இல்லை, ஓர் இலக்கமாக மட்டும் இருக்கிறார்கள். அந்த இலக்கத்தையும் பிழையாக ஏற்றிவிட்டால் அவர்களைப் பற்றி வேறென்ன மிஞ்சும்?

சரி, கேள்விகளுக்கு வருவோம்.

கொட்டகலையிலிருந்து ஓர் ஆசிரியை: சேர், பெர்குசன் டைரக்டரி என்ற தோட்ட விவரக் கையேட்டின் பழைய பக்கங்களிலிருந்து எங்கள் பகுதித் தோட்டங்களின் பட்டியலை மாணவர்களோடு சேர்ந்து தட்டச்சு செய்கிறோம். தோட்டத்தின் பெயர், உரிமையாளர், துரை (தோட்ட நிர்வாகி), ஏக்கர் என்று நிரல்கள் இருக்கின்றன. டெசராக்ட் என்ற எழுத்துணரியில் போட்டால் பெயர்கள் எல்லாம் மேலே வருகின்றன, ஏக்கர் எல்லாம் கீழே ஒரு கும்பலாக வருகிறது. எது எந்தத் தோட்டத்துடையது என்றே தெரியவில்லை.

டீச்சர், டெசராக்ட் தன் வேலையைத்தான் செய்கிறது. பக்கத்தில் வெற்றிடம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து, அதை வைத்துப் பத்தி பிரிக்கும். இரண்டு நிரல்களுக்கு நடுவே அகலமான இடைவெளி இருந்தால் அதைப் பத்திரிகைப் பக்கம் என்று எடுத்துக்கொண்டு, முதல் பத்தியை மேலிருந்து கீழாக முடித்த பிறகே அடுத்ததற்குப் போகும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

சுலபமான மாற்றம் ஒன்று இருக்கிறது. பக்கத்தை எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் அமைப்பு டெசராக்டில் உண்டு, அதன் பெயர் பிஎஸ்எம். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது 3-இல் இருக்கும். 6 என்று மாற்றினால் முழுப் பக்கத்தையும் ஒரே கட்டியாக எண்ணி, வரிவரியாகக் குறுக்கே வாசிக்கும். சொற்களுக்கு இடையிலான இடைவெளியை அப்படியே காப்பாற்றும் அமைப்பும் இருக்கிறது. அதையும் போட்டுவிட்டால் நிரல்கள் ஓரளவு நேராக வந்து நிற்கும். கோடு போடாத, எளிமையான பட்டியலுக்கு இது போதும்.

ஆனால் டைரக்டரிப் பக்கம் அவ்வளவு எளிமையானது இல்லை. பெயருக்கும் ஏக்கருக்கும் நடுவே புள்ளி புள்ளியாக ஒரு வரிசை ஓடும். சில பெயர்கள் நீளமாக இருந்து இரண்டாம் வரிக்கு மடிந்திருக்கும். அதனால் நான் நிரல் நிரலாக வெட்டித்தான் வாசிக்க விடுகிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். முதலில் ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருளில் பக்கத்தின் சரிவை நிமிர்த்துங்கள். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பக்கத்தின் வலது ஓரத்துக்குப் போகும்போது ஒரு வரியின் ஏக்கர் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். பிறகு ஜி-இமேஜ்-ரீடரில் படத்தைத் திறவுங்கள். அதுவும் இலவசம்தான். உள்ளே வேலை செய்வது டெசராக்ட், வெளியே மவுஸால் பெட்டி வரையும் வசதி இருக்கிறது. தோட்டப் பெயர் நிரலைச் சுற்றி ஒரு பெட்டி, துரை நிரலுக்கு ஒன்று, ஏக்கருக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாசிக்கவிட்டு விரிதாளில் பக்கத்துப் பக்கத்து நிரலில் ஒட்டுங்கள்.

ஒட்டியதும் முதலில் பார்க்க வேண்டியது நிரைகளின் (குறுக்கு வரிசைகளின்) எண்ணிக்கை. பெயர் நிரல் அச்சுப் பக்கத்திலுள்ள தோட்டங்களின் எண்ணிக்கையைவிட நீண்டு போனால், எங்கோ ஒரு பெயர் இரண்டு வரியாக உடைந்திருக்கிறது. ஏக்கர் நிரல் அந்த எண்ணிக்கையைவிடக் குறுகியிருந்தால், புத்தகத்தில் வெறுமையாக விட்ட இடத்தை மென்பொருள் விழுங்கியிருக்கிறது. இரண்டாவதுதான் பொல்லாதது. ஒரு வெற்றிடம் போனால் அதற்குக் கீழே உள்ள தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடுத்த தோட்டத்தின் ஏக்கர் போய் ஏறிவிடும். ஒவ்வொரு எண்ணும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருப்பதால் கண்ணில் படாது. ஆகவே பிள்ளைகளிடம் வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது, அச்சுப் பக்கத்தைப் பார்த்து ஒவ்வொரு நிரைக்கும் வரிசை இலக்கம் போடும் வேலையை ஒருவரிடம் முதலிலேயே ஒப்படைத்துவிடுங்கள். பிறகு வரும் எல்லா நிரல்களையும் அந்த இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பொருத்தலாம்.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் கிடைக்குமானால் ஃபைன்ரீடர் இந்த வேலைக்கு வசதியானது. திரையிலேயே அட்டவணை என்று குறித்து, நிரலுக்கும் நிரைக்கும் நாமே கோடு இழுக்கலாம், கலங்களைச் சேர்க்கலாம், பிரிக்கலாம். தானாகக் கண்டுபிடிக்க விடாமல் கோடுகளை நீங்களே இழுங்கள். பக்கத்தைப் பார்த்ததும் எது எந்த நிரல் என்று நமக்குத் தெரிகிறது. அந்த அறிவை மென்பொருளுக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பதுளையிலிருந்து ஒரு வாசகர்: எழுத்துகளில் பிழை வந்தால் வாசிக்கும்போது தெரிந்துவிடுகிறது. எண்ணில் பிழை வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லோருக்கும் உதவும் கேள்வி இது. 'தோட்டம்' என்ற சொல் 'தோட்டப்' என்று வந்தால் கண் உடனே பிடிக்கும். 3,418 என்பது 8,418 ஆனால் எந்தக் கண்ணும் பிடிக்காது, இரண்டுமே எண்கள்தானே. ஆனால் பந்திக்கு இல்லாத ஒரு பலம் அட்டவணைக்கு உண்டு. அதற்குள்ளேயே கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைக் கொண்டே அதைச் சோதிக்கலாம்.

நமக்குத் தெரிந்த எண்களையே எடுத்துக்கொள்வோம். நாடற்றிருந்த மலையகத் தமிழரை இலங்கையும் இந்தியாவும் பிரித்துக்கொண்ட 1964-இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்பதாகச் சொன்னது 525,000 பேர். இலங்கை ஏற்பதாகச் சொன்னது 300,000 பேர். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டது 150,000 பேர். மொத்தம் 975,000. எழுத்துணரி நடு எண்ணை 800,000 என்று வாசித்துவிட்டது என்று வையுங்கள். கூட்டினால் 1,475,000 வரும். அச்சில் உள்ள மொத்தத்தோடு வித்தியாசம் சரியாக 500,000. பிழை இருக்கிறது என்பதோடு என்ன பிழை என்பதையும் இது சொல்லிவிடுகிறது. வித்தியாசம் 5, 50, 500 என்று ஐந்தில் தொடங்கிப் பூச்சியங்களோடு நின்றால் முதல் சந்தேகம் 3-க்கும் 8-க்கும் நடுவிலான மயக்கம். 6-இல் தொடங்கினால் 1-ஐ 7 என்றோ 0-ஐ 6 என்றோ வாசித்திருக்கலாம். கையால் தட்டச்சு செய்யும்போது இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டால் வித்தியாசம் 9-ஆல் வகுபடும். கணக்கப்பிள்ளைமார் காலங்காலமாகப் பயன்படுத்தும் சோதனை இது.

மொத்தம் இல்லாத அட்டவணையில் சதவீதம் இருக்கலாம். 1946 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் மொத்தச் சனத்தொகை 6,657,339. அதில் இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள் 780,589 பேர், அதாவது 11.7 வீதம். எட்டு மூன்றாகி 730,589 என்று வந்திருந்தால் வீதம் 11.0 ஆகிவிடும். விரிதாளில் வகுத்துப் பார்க்கும் ஒரு நிரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இப்படிப்பட்டவை வரிசையாக வெளியே வந்துவிடும். அந்தத் தவறு நிலைத்துப் போயிருந்தால் ஐம்பதாயிரம் பேர் ஒரு கீறலில் காணாமல் போயிருப்பார்கள். இரண்டே ஆண்டில், 1948-இல், குடியுரிமைச் சட்டம் வந்து நாடற்றவர்களாக்கப்பட்ட மக்கள் இவர்கள். கணினியிலும் அவர்களை நாம் தொலைக்கக்கூடாது.

அளவைகளும் காவல் நிற்கும். காணிக் கணக்கு ஏக்கர், ரூட், பேர்ச் என்று மூன்று நிரலாக இருக்கும். ஓர் ஏக்கருக்கு 4 ரூட், ஒரு ரூட்டுக்கு 40 பேர்ச். ஆகவே ரூட் நிரலில் 0, 1, 2, 3 தவிர வேறெதுவும் வர முடியாது. அங்கே 8 நின்றால் பெரும்பாலும் அது 3. பேர்ச் நிரலில் 40-ம் அதற்கு மேலும் வந்தால் படத்தைத் திரும்பப் பாருங்கள். கூட்டிச் சரிபார்க்கும்போது எல்லாவற்றையும் பேர்ச்சாக மாற்றிக்கொள்வது லேசு. 12 ஏக்கர் 3 ரூட் 17 பேர்ச் என்றால் 1,920-உம் 120-உம் 17-உம் சேர்ந்து 2,057 பேர்ச். தோட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் வீட்டுக் காணி என்று எவ்வளவு காலமாகப் பேசுகிறோம்! இந்த வாய்பாடு நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பது வேறு வகையிலும் நல்லது.

எடைக்கு வரும் அந்தர் கணக்கும் இப்படித்தான். ஓர் அந்தருக்கு 4 குவாட்டர், ஒரு குவாட்டருக்கு 28 இறாத்தல். இறாத்தல் நிரலில் 27-க்கு மேல் வராது. இலங்கை ரூபாயும் சதமுமாக மாறியது 1872-இல். அதற்கு முந்திய கோப்பித் தோட்டக் கணக்குகளில் பவுண், சிலிங், பென்ஸ் இருந்தால் சிலிங் 19-ஐத் தாண்டாது, பென்ஸ் 11-ஐத் தாண்டாது.

இன்னொன்று. எண்கள் மட்டும் உள்ள நிரலை வாசிக்கவிடும்போது மொழியை ஆங்கிலம் என்று வைத்து, இலக்கங்களை மட்டும் ஏற்றுக்கொள் என்று கட்டுப்படுத்துங்கள். டெசராக்டில் அதற்கு வழி இருக்கிறது. 4.0 பதிப்பில் அது சரியாக வேலை செய்யவில்லை, 4.1-இல் திரும்ப வந்தது. அப்படிச் செய்தால் 0 'ஓ' ஆவதும் 1 'எல்' ஆவதும் நின்றுவிடும். ½, ¼ போன்ற பின்னங்கள் இருந்தால் மட்டும் கவனம் தேவை. கட்டுப்படுத்தினால் அவை 4 என்றோ வேறொரு இலக்கமாகவோ மாறிவிடும். பின்னம் உள்ள நிரலைக் கையாலேயே அடித்துவிடுங்கள்.

தலவாக்கலை வாசகி: மழை அளவு அட்டவணை ஒன்றை ஏற்றுகிறேன். தசமப் புள்ளிகள் பாதிக்குப் பாதி காணாமல் போகின்றன.

புள்ளி சின்னது, காகிதக் கறையும் சின்னது, மென்பொருள் இரண்டையும் ஒன்றாகவே துடைத்துவிடுகிறது. ஸ்கேன் செய்யும்போதே கறுப்பு வெள்ளையில் எடுக்காமல் சாம்பல் நிறத்தில், 400 டிபிஐ-இல் எடுங்கள். கறை நீக்கும் வசதியை நிறுத்தி வையுங்கள். அப்படியும் போனால் கவலைப்பட வேண்டாம், மழைக்கணக்கில் அங்குலத்துக்குப் பின் இரண்டு தசமதானம் வழக்கம். புத்தகம் முழுக்க அப்படித்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகு, புள்ளி இல்லாத எண்களை 100-ஆல் வகுத்துவிடலாம். பன்னிரண்டு மாதத்தையும் கூட்டி ஆண்டு மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். புள்ளி தவறிய மாதம் மொத்தத்தை எங்கோ கொண்டுபோய் விட்டிருக்கும், உடனே தெரியும்.

மாத்தளையிலிருந்து ஒரு வாசகர்: எங்களிடம் உள்ள பழைய தமிழ்ப் புத்தகத்தில் ஊர்ப்பெயர்ப் பட்டியலும் வரவு செலவுக் கணக்கும் இருக்கின்றன. தமிழ் எண்கள். எழுத்துணரி ஒன்றையும் சரியாக வாசிக்க மறுக்கிறது.

ஐயா, இங்கே இரண்டு சிக்கல் சேர்ந்து நிற்கின்றன. முதலாவது பழைய எழுத்துரு. லை, ளை, ணை, னை நான்கும் பழைய அச்சில் மேலே கொம்பு வளைந்து இன்றைய வடிவத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கும். றா, ணா, னா-வும் அப்படியே. புதிய எழுத்தைப் பார்த்துப் பழகிய மென்பொருள் அங்கே தடுமாறும். நம் ஊர்ப்பெயர்களைப் பாருங்கள்: மாத்தளை, கம்பளை, பதுளை, பண்டாரவளை, கொட்டகலை, தலவாக்கலை. ஊர்ப்பெயர் நிரல் முழுவதும் அடிபட்டுப் போவதற்கு வேறு காரணம் வேண்டாம். நல்ல காலமாக, ஒரே எழுத்தைப் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் பிழையாக வாசிக்கும். முதல் இரண்டு பக்கத்தைக் கையால் திருத்தி, எது எதுவாக மாறுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால், மீதியைத் தேடி மாற்றிவிடலாம். ஊர்ப்பெயர் நிரலில் மட்டும் தேடி மாற்றுங்கள், கோப்பு முழுவதிலும் வேண்டாம்.

இரண்டாவது எண்கள். ௧, ௨, ௭, ௮ என்பவை க, உ, எ, அ என்ற எழுத்துகளைப் போலவே இருக்கின்றன. ௪ ச-வைப் போல, ௫ ரு-வைப் போல, ௬ சு-வைப் போல. எழுத்துணரி கணக்கு நிரலில் 'கஉரு' என்று தந்தால் அது 125. பிழை என்று அழித்துவிடாதீர்கள், வேலையில் பாதி முடிந்துவிட்டது. அந்த நிரலில் மட்டும் எழுத்தை எண்ணாக மாற்றினால் போதும். ஆனால் புத்தகம் எந்த முறையில் எண்ணை எழுதுகிறது என்று முதலில் பாருங்கள். சில புத்தகங்களில் 125 என்பது ௧௨௫ என்று இருக்கும். இன்னும் பழையவற்றில் ௱௨௰௫ என்று, நூற்றுக்கும் பத்துக்கும் தனிக் குறியோடு இருக்கும். பத்தின் குறி ய-வைப் போலத் தெரியும்.

வரவு செலவில் வரும் ௹ ரூபாய்க் குறி, ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி. நான்குக்கும் யூனிகோட்டில் இடம் உண்டு, ஆகவே அப்படியே ஏற்றலாம். மேற்படிக் குறி உள்ள கலங்களில் புத்தகத்தில் உள்ளபடி குறியையே வைத்து, பக்கத்து நிரலில் முழுச்சொல்லையும் எழுதிவிடுங்கள். வரிசையை மாற்றி அடுக்கும்போது குறி மட்டும் இருந்தால் எதற்கு மேற்படி என்றே தெரியாமல் போகும். ஆங்கிலப் புத்தகங்களில் இதே வேலைக்கு இரட்டைக் கோடு போட்டிருப்பார்கள். அதை எழுத்துணரி 11 என்று வாசிப்பதைப் பல பக்கங்களில் பார்த்திருக்கிறேன். நிரலில் சம்பந்தமில்லாமல் 11 திரும்பத் திரும்ப வந்தால் அதுதான்.

ஹட்டனிலிருந்து ஒரு மாணவர்: போனில் படம் எடுத்து ஏஐ-இடம் கொடுத்தால் அட்டவணையை அழகாக அப்படியே தருகிறது. பிறகு ஏன் இவ்வளவு கஷ்டம்?

தம்பி, அழகாகத் தருவது உண்மை, அதனால்தான் கவனமாக இருக்கச் சொல்கிறேன். டெசராக்டுக்கு ஓர் இடம் புரியாவிட்டால் பெரும்பாலும் குப்பையாக எதையாவது கொட்டும், பார்த்ததும் தெரியும். படம் பார்க்கும் ஏஐ அப்படிச் செய்யாது. மங்கிய கலத்தில் அந்த இடத்துக்குப் பொருத்தமான ஓர் எண்ணைத் தானே வைத்துவிடும். நிரைகளைத் தாண்டிப் போகும், மொத்தத்தைக்கூட அதற்கேற்ப மாற்றித் தரலாம். வெளிப்பார்வைக்கு எல்லாம் சுத்தமாக இருக்கும். பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிரல்களின் அமைப்பைப் பிடிக்க அது நன்றாக உதவுகிறது. ஆனால் எண்களை இன்னொரு வழியிலும் எடுத்துக்கொள்ளுங்கள். டெசராக்டில் ஒரு தடவை, ஏஐ-இல் ஒரு தடவை. இரண்டையும் விரிதாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசப்படும் கலத்துக்கு நிறம் போடச் சொல்லுங்கள். நிறம் விழுந்த கலங்களை மட்டும் புத்தகத்தில் பாருங்கள். பிறகு கூட்டல் சோதனை.

செக்ரோல், பிரஜாவுரிமை விண்ணப்பப் பட்டியல் போன்றவற்றை எந்த இணையச் சேவையிலும் ஏற்ற வேண்டாம். உயிரோடு இருப்பவர்களின் பெயரும் விவரமும் அதில் இருக்கும். உங்கள் கணினியிலேயே ஓடும் மென்பொருள் போதும்.

நானுஓயாவிலிருந்து: ஈரக்காற்றில் பக்கங்கள் அலை அலையாக இருக்கின்றன. கோடுகள் நேராகவே வரவில்லை.

புத்தகத்தை அடுப்படிக்கோ வெயிலுக்கோ கொண்டுபோகாதீர்கள், தாள் முறுகிவிடும். மழை ஓய்ந்த நாட்களில் காற்றோட்டமான அறையில் விரித்து வைத்து, பிறகு மேலே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்துப் படமெடுங்கள். விளக்கு பக்கவாட்டில் இருக்கட்டும், கண்ணாடி மினுங்காது. வளைந்த கோடுகள் அப்படியும் வந்தால் பக்கத்தை மேல், நடு, கீழ் என்று துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் தனியாக நிமிர்த்தலாம்.

கம்பளை வாசகர்: பிடிஎப்-இலிருந்து அட்டவணை எடுக்க டாபியூலா என்ற மென்பொருள் இருக்கிறதாமே?

நல்ல மென்பொருள்தான், ஆனால் கணினியிலேயே தயாரித்த பிடிஎப்-க்கு மட்டும். ஸ்கேன் செய்த பிடிஎப் வெறும் படம், அதில் டாபியூலாவுக்குப் பிடிக்க எதுவும் இல்லை.

பண்டாரவளையிலிருந்து ஒருவர்: கூட்டிப் பார்த்ததில் அச்சுப் புத்தகத்தின் மொத்தமே பிழை என்று தெரிந்தது. திருத்திவிடலாமா?

வேண்டாம். முதலில் மூலப் பக்கத்தை மறுபடி பாருங்கள். பிழை நம்முடையது இல்லை என்று உறுதியானால், அச்சில் உள்ளதை அப்படியே ஏற்றிவிட்டு, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு நிரல் சேர்த்து 'அச்சில் இவ்வாறு உள்ளது, கூட்டினால் இவ்வளவு வருகிறது' என்று எழுதுங்கள். மொத்தம் தவறா, மேலே உள்ள ஏதாவது ஓர் எண் தவறா என்று நமக்குத் தெரியாதல்லவா? இன்னொரு பதிப்பு கையில் உள்ளவர் அதைப் பார்த்துக் கண்டுபிடிப்பார். நாம் சத்தமில்லாமல் திருத்திவிட்டால் அவருக்கு அந்தத் தடயமே இருக்காது.

வெறுமையான கலத்துக்கும் இதே விதிதான். அச்சில் வெறுமை என்றால் வெறுமை, சிறு கோடு என்றால் கோடு, 0 என்றால் 0. ஒரு தோட்டத்தின் மரண நிரலில் கோடு போட்டிருந்தால் யாரும் இறக்கவில்லை என்று பொருளா, கணக்கு வரவில்லை என்று பொருளா? புத்தகத்தின் முன்னுரையில் சில வேளை சொல்லியிருப்பார்கள், தேடிப் படியுங்கள். சொல்லாவிட்டால் நாமாக 0 போடக்கூடாது.

கோப்பைச் சேமிக்கும்போது ஸ்கேன் படம், எழுத்துணரி தந்த கலைந்த எழுத்து, திருத்திய விரிதாள் மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். புத்தகத்தின் பெயர், ஆண்டு, பக்க எண் ஆகியவை ஒவ்வொரு நிரையிலும் இருக்கட்டும். அடுத்த இதழுக்கான கேள்விகளை மாத இறுதிக்குள் அனுப்புங்கள். சிக்கலான பக்கத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பினால் எனக்குப் பதில் சொல்வது சுலபமாக இருக்கும்.